மரத்தூளுக்கு ஒரு சம்பந்தம்

இருபத்தேழு வருஷம் கல்யாணத் தரகு பார்த்த அம்மாளுக்கு, எல்லோரும் கைப்பேசியிலேயே வரன் தேட ஆரம்பித்ததும் வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்த வாய் வீட்டில் சும்மா இருக்குமா? மருமகன் ஒரு மாதம் தாங்கினார். இரண்டாம் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். பெருநகரக் கழிவு அலுவலகத்தில் அவர் லாரி ஓட்டுநர். மூன்றாம் மாதம் யார் யாரையோ பிடித்து, அங்கேயே தொலைபேசி மேஜையில் மாமியாருக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டார். அவருக்கென்ன, பகலெல்லாம் தெருவில்தானே இருப்பார்.

வேலை எளிது. நகரத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் உள்ள பட்டறைக்காரர்கள் கூப்பிட்டு, இன்ன கழிவு இத்தனை மூட்டை என்பார்கள். முகவரி எழுதிக்கொண்டு லாரியை அனுப்ப வேண்டும். லாரி குப்பைமேட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிடும்.

தரகரம்மாவால் அதோடு நிறுத்த முடியவில்லை. மெத்தைக் கம்பெனிக்காரர் ஸ்பாஞ்ச் துண்டு எட்டு மூட்டை என்றதும், என்ன கனம், நனைந்ததா, எப்போது வெட்டியது என்று ஜாதகம் கேட்பதுபோல் கேட்டார். முந்தின நாள்தான் கண்ணாடிக் கடைக்காரர், வண்டியில் ஏற்றும்போதே பாதி உடைகிறது என்று அழாத குறையாகச் சொல்லியிருந்தார். மூட்டைகள் குப்பைமேட்டுக்குப் போகாமல் கண்ணாடிக் கடைக்குப் போயின. ஆறு மாதத்தில் ஒரு நோட்டு நிரம்பிவிட்டது. இடப்பக்கம் கொடுப்பவர்கள், வலப்பக்கம் கேட்பவர்கள். எந்நேரமும் லைன் பிஸி என்று கண்டிக்க வந்த அதிகாரி, கொட்டப் போகும் லாரிகள் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்ததுபோல் திரும்பிப் போனார்.

இப்படித் தலைகால் புரியாமல் இருந்த நேரத்தில்தான், காளான் வளர்க்க அவர் மூலம் மரத்தூள் வாங்கியிருந்த காளான்காரர் ஒரு பையோடு வந்து நின்றார்.

"நீங்கதானேம்மா தங்கமான தூள்னு சொன்னீங்க? ஒண்ணுகூட முளைக்கல."

அந்த மரத்தூளில் பிளைவுட் தூளும் கலந்திருக்கும், பசை இருக்கும் என்று தச்சுப் பட்டறைக்காரர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். தரகரம்மாதான் அதை விழுங்கிவிட்டார். பழக்கதோஷம். குறட்டை விடும் மாப்பிள்ளையை 'நிம்மதியாகத் தூங்குவார்' என்றும், எடுத்ததற்கெல்லாம் சண்டை பிடிக்கும் பெண்ணை 'மனதில் எதையும் வைத்துக்கொள்ளாது' என்றும் சொல்லியே பிழைத்தவர். கல்யாணம் முடிந்தபின் அவரவர் பாடு. யாரும் இப்படிக் கையில் பையோடு வந்ததில்லை.

அன்று மதியமே தரகரம்மா காளான்காரருடைய கொட்டகைக்குப் போனார். வரிசையாகத் தொங்கிய பைகளில் காளான் இழை வெள்ளையாகப் படர்ந்திருக்க வேண்டும். எல்லாம் பழுப்பேறி, நசநசவென்று கிடந்தன. நாற்பது நாள் தண்ணீர் தெளித்த கதையைக் காளான்காரர் கோபமில்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தரகரம்மா பதில் பேசியிருப்பார்; அவர் பேசாத வாயா?

"பட்டறைக்காரர் சொன்னாருங்க. நான்தான் மறைச்சிட்டேன்," என்றார் தரகரம்மா.

காளான்காரர் ஒரு ஜோடி கையுறையை எடுத்து நீட்டினார்.

இரண்டு நாள் லீவு போட்டு, தரகரம்மா பைகளை அவிழ்த்துக் கொட்டினார். இடுப்பு ஒடிந்தது. மூன்றாம் நாள் மரக்கரண்டி கடையும் பட்டறை ஒன்றுக்கு நேரிலேயே போய், தூளைக் கையில் அள்ளித் தேய்த்து, முகர்ந்து, பசை வாடை இல்லை என்று உறுதியானபின்தான் லாரிக்காரரை மூட்டையில் கை வைக்க விட்டார்.

அதற்குப்பின் நோட்டில் குறைக்கென்று தனிக் கட்டம் வந்தது. அதை நிரப்பாமல் அடுத்த பேச்சே கிடையாது. எங்கள் சரக்கில் குறையே இல்லை என்று முறுக்கிக்கொண்ட ஒரு ஆலைக்காரரிடம், அப்படியானால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று போனை வைத்துவிட்டார். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்த மருமகனிடம் அவருடைய குறைகளை முதலில் சொல்லிவிட்டுத்தான் சாதம் போட்டார். மகள் சிரிப்பை அடக்க அடுப்பங்கரைக்கு ஓடினாள்.

நாலு மாதம் கழித்துக் காளான்காரர் கூப்பிட்டார். விளைச்சல் அமோகம், அறுத்து முடித்த பைகளின் மக்கிய தூள் மலையாகக் குவிந்துவிட்டது, லாரி வேண்டும் என்றார். தரகரம்மா லாரியை அனுப்பவில்லை, செடி நர்சரிக்காரருக்குப் போன் போட்டார்.

"முதல்ல குறையச் சொல்லிடறேன். ரெண்டு வாரம் நாறும். பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. அப்புறம் வாடை போயிடும், செடிக்கு நல்ல உரம்."

"பக்கத்துல வீடே இல்லம்மா," என்றார் நர்சரிக்காரர். "எத்தனை மூட்டை இருக்கு?"