எக்ஸ்பிரஸின் படகுக்கு இரண்டு வாளி

அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவர் அவரிடம் முடி வெட்டிக்கொண்டவராகத்தான் இருக்க வேண்டும். அவருடைய சலூன் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தால், முதல் தலைப்பைப் படிப்பதற்குள் கழுத்துத் துணியை உதறி, "ஆச்சு, எழுந்திருங்க" என்பார். பாதி மீசையோடு வீடு போய், பெண்டாட்டி சிரித்த பிறகு திரும்பி வந்தவர்களும் உண்டு.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி, "இங்க பாருங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று ஆரம்பிக்கும்போதே மனிதர் செருப்பை மாட்டியிருப்பார். மீதியை அவள் கதவிடம்தான் சொல்லியாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கதவு எவ்வளவோ கேட்டிருக்கிறது.

வாரமெல்லாம் நின்றபடி வேலை செய்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஏரிதான் உயிர். படகு, மாமனார் விட்டுப்போனது. அதன் பின்னால் இவர் ஆசைப்பட்டு மாட்டிய மோட்டார் இருக்கிறதே, அது கப்பலுக்கே போதும். கிளப்பினால் படகின் மூக்கு வானத்தைப் பார்க்கும். அந்த ஏரியில் மற்றவர்கள் நூலில் பொய்மீனைக் கட்டி, படகை நடக்கிற வேகத்தில் விட்டு, பின்னால் இழுத்துக்கொண்டே போவார்கள். நிஜ மீன் ஏமாந்து கவ்வும். எக்ஸ்பிரஸ் இழுத்த பொய்மீனோ தண்ணீருக்கு மேலே தாவித் தாவி வந்தது. பறவைகள் துரத்தினவே தவிர, மீன் ஒன்றும் சீண்டவில்லை. மோட்டாரை எவ்வளவு தணித்தாலும் வேகம் அடங்காது. அதற்கும் கீழே தணித்தால் அணைந்தே போகும்.

மாமியாருக்குப் பொறுத்தது போதும் என்று ஆகிவிட்டது.

"மாப்பிள்ளை, அவர் இருந்தப்போ ஞாயித்துக்கிழமையானா இந்த வீட்டுல மீன் வாசனை வரும். இப்போ பெட்ரோல் வாசனைதான் வருது. வர்ற ஞாயிறு மதியத்துக்குள்ள ஒரு மீனாவது வரலைன்னா, படகு சின்ன மாப்பிள்ளைக்கு."

சின்ன மாப்பிள்ளை என்பது எக்ஸ்பிரஸின் சகலை, மனைவியின் தங்கை புருஷன். கரையோரம் ஒரு கொட்டகையில் படகு மோட்டார் பழுது பார்ப்பவர். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நடுவில் டீ குடித்துவிட்டு வந்து முடிப்பார். வேறு வழியில்லாமல் எக்ஸ்பிரஸ் அவரிடமே ஓடினார்.

"மோட்டாரைக் குத்தம் சொல்லாதீங்க சகலை," என்றார் அவர், ஸ்பேனரைத் துடைத்தபடி. "ஒரு வாளியைக் கயித்துல கட்டித் தண்ணியில போடுங்க. அது படகைப் பிடிச்சு இழுக்கும்..."

அவர் அடுத்த மூச்சை எடுப்பதற்குள் எக்ஸ்பிரஸ் குளியலறை வாளியோடு ஏரியில் இருந்தார். இடது பக்கம் கட்டிப் போட்டார். படகு அடங்கியது, ஆனால் அதே இடத்தில் வட்டமடிக்கத் தொடங்கியது. செக்கு மாடு தோற்றுவிடும். கரையில் கூட்டம் கூடிவிட்டது. இதற்கு டிக்கெட் உண்டா என்று ஒருவர் கேட்டார்.

மறுநாள் மறுபடியும் கொட்டகை.

"நான் இன்னும் சொல்லி முடிக்கலையே," என்றார் சகலை வருத்தத்தோடு. "வாளி ரெண்டு பக்கமும் வேணும், பக்கத்துக்கு ஒண்ணா. அப்புறம் கயிறு..."

கயிறுதானே, கயிறு நிறைய இருக்கிறது என்று எக்ஸ்பிரஸ் பறந்துவிட்டார். நீளமான கயிறாகப் பார்த்து இரண்டு பக்கமும் வாளி கட்டினார். படகு நேராகப் போனது, அழகாகப் போனது. திரும்பும்போது இரண்டு கயிறும் மோட்டாரின் காற்றாடியில் சுற்றிக்கொண்டன. கடகடவென்று ஒரு சத்தம், பிறகு அமைதி. கையாலேயே துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தார். ஒரு வாளி உடைந்தது, இன்னொன்று ஏரிக்குப் போனது. மறுநாள் காலை மனைவி சோற்றுப் பானையில் தண்ணீர் மொண்டு குளித்தாள்.

குளித்துவிட்டு நேரே சலூனுக்கு வந்தாள், சகலையையும் கூட்டிக்கொண்டு. புருஷனை அவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்தாள். கழுத்துத் துணியைக் கட்டி, நுனியை நாற்காலியின் பின்னால் இரட்டை முடிச்சாகப் போட்டாள்.

"இப்போ சொல்லுங்க," என்றாள் சகலையிடம்.

சகலை சொன்னார். கயிறு குட்டையாக இருக்க வேண்டும், காற்றாடிக்கு எட்டவே கூடாது. முன்பக்கமாகக் கட்ட வேண்டும். வாளியின் அடியில் ஓட்டை போட வேண்டும், இல்லாவிட்டால் கைப்பிடி பிய்ந்துவிடும். நடுவில் ஒரு டீ குடித்தார். எக்ஸ்பிரஸ் நெளிந்தார், வியர்த்தார், கண்ணாடியில் தன்னையே முறைத்தார். முடி வெட்ட வந்த ஒருவர் அந்தக் கோலத்தைப் பார்த்து அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை புது வாளிகள் இரண்டோடு மனைவியும் படகில் ஏறிக்கொண்டாள். அவரை நம்பி இந்த வாளிகளை அனுப்ப முடியாது என்றாள். சகலை கரைமேல் நடந்தார். படகு அவரை முந்தவே கூடாது என்று ஏற்பாடு. அவர் நடை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாளிகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள, மோட்டார் பூனை மாதிரி முனகியது. அந்தப் படகில் முதல்முறையாகப் பேச்சுக் குரல் கேட்டது.

"இங்க பாருங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

எக்ஸ்பிரஸின் கால் தானாகச் செருப்பைத் தேடியது. சுற்றிலும் தண்ணீர். போவதற்கு இடமில்லை.

"சொல்லு."

"எனக்கும் ஒரு தடவை இந்தப் படகுல வரணும்னு ஆசை. கல்யாணமான புதுசுலேருந்து கேக்க வர்றேன்."

அவர் செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினார். அந்த நேரம் பார்த்து நூல் வெடுக்கென்று இழுபட்டது. கை மோட்டாரை முறுக்கப் போனது. அவள் ஒரு பார்வை பார்த்தாள், கை நின்றது. இருவரும் நிதானமாகச் சுருட்டினார்கள். முழங்கை நீளத்தில் ஒரு மீன், திகைத்த முகத்தோடு வந்து விழுந்தது.

எக்ஸ்பிரஸ் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். கரையில் கையைக் கட்டி நின்றிருந்த மாமியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், தலையாட்டினார், அடுப்பு மூட்ட வீட்டுக்கு நடந்தார். படகு பிழைத்தது.

"சகலை," என்று கரையிலிருந்து கத்தினார் சின்ன மாப்பிள்ளை. அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை, இப்போது ஓடினார். "அத்தை மசாலா அரைக்கப் போயிட்டாங்க. எனக்குப் பசி உயிர் போகுது. வாளியைத் தூக்கிட்டுச் சீக்கிரம் வாங்க."

"கொஞ்சம் இருங்க சகலை," என்றார் எக்ஸ்பிரஸ். "அவ இன்னும் பேசி முடிக்கல."