காய்ந்த வயலில் விதைத்தவள்

பாகிஸ்தானின் வடக்கு மலைகளில், யார்குன் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருக்கும் அந்த ஊருக்கு குல்சம்பர் வாழ்க்கைப்பட்டு வந்தவள். கராச்சிக்குக் காவலாளி வேலைக்குப் போன கணவன் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனான். மிஞ்சியது இரண்டு பெண்பிள்ளைகளும் கொஞ்சம் கோதுமை நிலமும்தான். அவளிடம் வாய்கொடுத்து ஜெயித்தவர் ஊரில் யாருமில்லை.

ஒரு கோடையில் பனிப்பாறைக்குப் பின்னால் தேங்கியிருந்த ஏரி உடைத்துக்கொண்டு இறங்கியது. இரைச்சல் கேட்டதும் சனங்கள் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். பாலம் போயிற்று. பாறை முகத்தில் வெட்டியிருந்த வாய்க்காலும் பெயர்ந்து விழுந்தது. வயல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மழையே பெய்யாத அந்த மலையில், வாய்க்கால் இல்லாத வயல் வெறும் மண்.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இது இனி குடியிருக்க லாயக்கில்லை, கீழே இடம் தருகிறோம் என்றார்கள். குளிர்காலம் முழுக்க ஊர் அதையே பேசியது. கொழுந்தன் ஷேர் நாசர் மூட்டை கட்டத் தயாராகிவிட்டான். பனி உருகியதும் குல்சம்பர் விதைக் கோதுமையை மடியில் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினாள்.

"வாய்க்காலே இல்ல அண்ணி. என்னத்தக் குடிச்சு வளரும் இது?" என்றான் அவன்.

"போறவன் போ தம்பி. நான் விதைச்சுட்டேன். இது காயுறத நின்னு வேடிக்கை பாக்குற தைரியம் யாருக்கு இருக்குன்னு பாப்போம்."

பனி ஈரத்தில் பயிர் முளைத்துவிட்டது. அந்தப் பச்சை ஊரையே தொந்தரவு செய்தது. வாய்க்காலைத் திரும்ப வெட்ட அவள் கடப்பாரையோடு பாறைக்கு ஏறினாள். பெண்கள் வாய்க்கால் வேலைக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை. ஆண்கள் கீழே நின்று கேலி பேசினார்கள். மறுநாள் அவளோடு நான்கு பெண்கள் ஏறினார்கள். கயிற்றில் தொங்கிக்கொண்டு கல் பெயர்த்தவளைப் பார்த்ததும் ஷேர் நாசருக்குப் பொறுக்கவில்லை.

"இதுக்குப் பேரு முடிச்சா? அண்ணன் இல்லாத வீட்ல நீங்களும் போய்ச் சேரணுமா?" என்று திட்டிக்கொண்டே ஏறி, அவளை மேலே இழுத்து நிறுத்திவிட்டு, கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டினான். பிறகு கீழே இறங்கவேயில்லை. அவனைப் பார்த்து மற்ற ஆண்களும் வந்தார்கள்.

வெள்ளம் அறுத்துக்கொண்டு போன ஓடைதான் கடைசித் தடை. அங்கே எதைக் கட்டினாலும் அடுத்த வெள்ளம் கொண்டுபோகும். அப்படியானால் கட்டவே வேண்டாம், கழற்றி மாட்டலாம் என்று பேசி முடிவெடுத்தார்கள். ஓடையின் குறுக்கே கம்பி இழுத்து, தண்ணீர் கடந்துபோகப் பிளாஸ்டிக் குழாய்களை அதில் தொங்கவிட்டார்கள். மேலே ஆட்டுக் கிடையில் இருப்பவர்கள் வெள்ளம் வருவதைப் பார்த்துச் சீட்டி அடித்தால் குழாயைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும் என்று ஏற்பாடு.

தண்ணீர் வந்து சேர்ந்தபோது குல்சம்பரின் பயிரில் பாதி கருகியிருந்தது. மீதியை அறுத்தாள். அழுதாள் என்று சிலர் சொல்வார்கள். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அடுத்த கோடையிலும் ஓடை பொங்கியது. சீட்டி கேட்டுக் குழாய்களை மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். கம்பி கட்டியிருந்த கம்பங்கள் மட்டும் போயின. சேதம் பார்க்க வந்த அதிகாரி, இப்போதாவது கிளம்புகிறீர்களா என்று கேட்டார்.

"வருஷாவருஷம் அது வரட்டும் சார். நாங்களும் வருஷாவருஷம் கட்டுவோம்," என்றாள் குல்சம்பர். "வழிய விடுங்க, கம்பம் நடணும்."