முப்பதாவது நாளின் ஓடிபி

பெங்களூருவில் ஆறு மாதம், திண்டிவனத்தில் ஆறு மாதம். வருமான வரிக்கு இரண்டும் சேர்ந்து ஒரே ஆண்டு. இடையில் வேலை மாறியிருந்தேன். புதிய நிறுவனம் சென்னையில். வாரம் இரண்டு நாள் போனால் போதும் என்பதால், திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை எடுத்தேன்.

அடுத்த ஜூலையில் பட்டியல் போட்டேன்: இரண்டு நிறுவனங்களின் படிவம் 16, இரண்டு மாநிலத்துத் தொழில்வரி, வங்கி வட்டி, பழைய முகவரி, புதிய முகவரி. பிறகு வரித்துறைத் தளத்தில் என் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தேன். இரண்டு சம்பளமும் அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. அவற்றுக்குக் கீழே, பள்ளியில் உதவித்தொகைக்காக விழுப்புரத்தில் தொடங்கி நானே மறந்துபோன கணக்கின் வட்டி, சில ரூபாய். இரண்டு நிறுவனங்களும் ஓராண்டுக்கான வரிவிலக்கைத் தனித்தனியே முழுதாகக் கொடுத்து வரியைக் குறைவாகப் பிடித்திருந்தன. நான் ஒரே ஆள் என்பது அந்தப் பக்கத்துக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

பாக்கி வரியைக் கட்டித் தாக்கல் செய்தேன். ஆனால் தாக்கல் செய்தது நான்தான் என்று முப்பது நாளுக்குள் உறுதிப்படுத்த வேண்டும். வங்கி வழியாக முயன்றேன். பான் அட்டையில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது, வங்கியில் வெறும் இனிஷியல். பெயர் பொருந்தவில்லை என்று தளம் மறுத்தது. வங்கியில் திருத்தம் கேட்டுக் காத்திருந்ததிலேயே நான்கு வாரம் போய்விட்டது. மிச்சமிருந்தது ஆதார் ஓடிபி. அது அம்மாவின் கைபேசிக்குத்தான் போகும். பள்ளி முகாமில் ஆதார் எடுத்தபோது எங்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரே எண்தான்.

அன்று முப்பதாவது நாள். தவறினால் தாமதமாகத் தாக்கல் செய்ததாகிவிடும், அபராதம் வேறு. பன்னிரண்டு மணிக்கு நான் சென்னைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அம்மாவோ விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில், ஒரு கொல்லைக்காட்டில் மற்ற பெண்களோடு மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். கைபேசி சோற்றுப்பையில் கிடந்ததால் முதல் ஓடிபி வீணாகப் போனது. இரண்டாவது முறை எடுத்தார்.

"மெசேஜ் வந்துக்குது. ஆனா சொல்ல மாட்டேன்."

"ம்மா, நான்தாம்மா பேசுறேன்."

"நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்? குரலையே மாத்திப் பேசுறானுங்களாம். யாரு கேட்டாலும் நம்பரு சொல்லாதன்னு எம்பொண்ணு சொல்லிக்கிறா."

சொன்னது நான்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அப்படி ஏமாந்த பிறகு, குரலை நகலெடுப்பதைப் பற்றி நீளமாக ஒரு குரல்செய்தி பேசி அனுப்பியிருந்தேன்.

"யக்கா, ஆம்பளயா பொம்பளயா?" என்று பின்னால் ஒரு குரல்.

"பொம்பளதான்டி. எம்பொண்ணு மாதிரியே சிணுங்குது."

சிரிப்பு கேட்டது.

"போன வை. நானே பண்றேன்" என்று துண்டித்தார். சில நொடிகளில் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. இணையதளங்களின் உள்நுழைவுப் பக்கங்களைச் சோதிப்பதுதான் என் வேலை. சந்தேகம் வந்தால் வந்த அழைப்பில் பேசாதே, உன்னிடம் இருக்கும் எண்ணுக்கு நீயே கூப்பிடு என்பதை அலுவலகத்தில் மூன்று கூட்டம் போட்டு விதியாக எழுதியிருந்தோம். அம்மா அதைக் கொல்லையில் நின்றபடி செய்துவிட்டார். அதோடும் விடவில்லை.

"நம்பரு சரிதான். எவனாவது எம்பொண்ணு போன புடுங்கி வச்சிக்கினு இருந்தா? ஒண்ணு கேக்குறேன், சொல்லு. பெங்களூருலேர்ந்து சாமான் கட்டிக்கினு வந்தியே, எத விட்டுட்டு வந்த?"

"குக்கர் மூடி."

"சத்தமா சொல்லு, ஸ்பீக்கர்ல போட்டுக்கிறேன்."

"குக்கர் மூடிம்மா! குக்கர மட்டும் எடுத்துக்கினு வந்தேன்!"

கொல்லையே சிரித்தது. "படிச்ச புள்ளடி அது!" என்றாள் ஒருத்தி.

மறந்துபோன வட்டியைக்கூட விடாத அந்த அறிக்கையில் இது இல்லை. வீடு காலி செய்தபோது நான் போட்ட பட்டியலிலும் 'குக்கர்' என்றுதான் இருந்தது, டிக் அடித்திருந்தேன். மூடி போன கதை அதுவரை உலகத்தில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அதைத்தான் தேர்ந்தெடுத்துக் கேட்டார், யோசிக்கக்கூட நேரம் எடுக்காமல்.

"சரி, எழுதிக்க. ஏழு. ரெண்டு. இரு, மண்ணு ஒட்டிக்கினுக்குது, தொடச்சிக்கிறேன். சைபரு. நாலு. நாலு. ஒம்போது."

அடித்தேன். திரையில் சக்கரம் சுற்றியது. பச்சை எழுத்தில், உறுதிப்படுத்தப்பட்டது என்று வந்தது.

"போயிட்டுதா?"

"போயிடுச்சிம்மா."

"அப்ப இந்த மெசேஜ அழிச்சிடறேன். அடுத்த தபா வேற கேள்விதான் கேப்பேன், பாத்துக்க. மூடி கதய இவளுங்க எல்லாரும் கேட்டுட்டாளுங்க."