வளர்மதி டீச்சருக்கு நாம் கட்டிய புடவை

வளர்மதி டீச்சர் காலமான செய்தி பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மாரடைப்பு, நல்லம்பள்ளி வீட்டில் உடல் இருக்கிறது என்று அவருடைய அண்ணன் தகவல் அனுப்பியிருந்தார். அடுத்த ஐந்து நிமிடத்தில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றில் பாதிக்கு மேல், ஆறு வருடத்துக்கு முன்னால் அவருக்கு எதிரான மனுவில் கையெழுத்துப் போட்ட கைகள். என் கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவரோடு வேலை பார்த்த நீங்கள் யாரும் அதை மறந்திருக்க முடியாது. எங்கள் பள்ளிக்கு முதன்முதலாகச் சுடிதார் அணிந்து வந்த டீச்சர் அவர். சாமந்திப்பூ மஞ்சள். துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊசி குத்தி ஒழுங்காகப் போட்டிருந்தார். அன்று ஸ்டாஃப் ரூமில் ஒருவரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பேன்ட் சட்டை போட்ட ஆண் ஆசிரியர்கள் கவலைப்பட்டார்கள். நீங்கள் எப்போது வேட்டியை விட்டீர்கள் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.

தலைமை ஆசிரியர் கெட்டவரில்லை. அவரே ஒரு வழி சொன்னார். "வண்டி ஓட்டறதுக்கு சேலை தோதுப்படல, முதுகு வலின்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்கம்மா. நான் பாத்துக்கறேன்." எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று நாங்களும் சொன்னோம். டீச்சருக்கு வண்டியும் இருந்தது, முதுகு வலியும் இருந்தது. ஆனால் அவர் எழுதவில்லை.

"வலின்னு சொன்னா பாவம்னு வுட்டுடுவீங்க சார். எனக்குப் புடிச்சிருக்கு, அதனால போடறேன். அது தப்புன்னா நீங்க எழுதிக் குடுங்க."

எந்த விதியிலும் தடை இல்லை. அதனால்தான் கண்ணியம், பண்பாடு என்றெல்லாம் போட்டு மனு தயாரானது. அது என் மேசைக்கு வந்த அன்று காலையில்தான் ஒன்பதாம் வகுப்புக்குத் தோள்சீலைப் போராட்டப் பாடம் நடத்தியிருந்தேன். தெற்கே பெண்கள் மேலாடை போட்டதற்காக அடிபட்டதை, சந்தையில் வைத்து அந்தத் துணியைக் கிழித்ததைத் தொண்டை கட்டச் சொல்லிக் கொடுத்தேன். என்ன உடுத்துவது என்பதை உடுத்துகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு மனுவில் கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்து வகுப்பில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்த வளர்மதி டீச்சருக்கு என் பாடம் முழுவதும் கேட்டிருக்கிறது. மாலையில் வண்டி நிறுத்தும் இடத்தில் என்னைப் பார்த்தார். "பாடம் நல்லா நடத்துனீங்க டீச்சர். அந்தக் காலத்துல நீங்க இருந்திருந்தா எந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டிருப்பீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் சும்மாதான் கேட்டார்.

அந்த மனுவால் ஒன்றும் ஆகவில்லை. ஆண்டு விழா மேடையில் மட்டும் அதற்குப் பிறகு அவரை ஏற்றவே இல்லை. அடுத்த பொங்கலுக்கு அதே மஞ்சளில் ஒரு சுடிதார் துணி வாங்கி என்னிடம் கொடுத்தார். தைப்பதும் தைக்காததும் உங்கள் இஷ்டம் என்றார். நான் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இனி சொல்லப் போவதுதான் எனக்கு ஆறாதது. சாவு வீட்டில் அவருடைய அண்ணி ஒரு பட்டுப்புடவையை என் கையில் கொடுத்தார். "நீங்க மடிப்பு நல்லா வெப்பீங்களாமே டீச்சர். கடைசியா ஒரு தடவையாச்சும் லட்சணமா போவட்டும்." கதவுக்குப் பின்னால் டீச்சர் இஸ்திரி போட்டு வைத்திருந்த சுடிதார் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதிர்த்துப் பேச முடியாத அவருக்கு மடிப்பு வைத்தவள் நான்தான்.

அதோடும் நாம் விடவில்லை. இரங்கல் கூட்டத்துக்குப் பள்ளி வாசலில் வைத்த ஃபிளெக்ஸில் வேறு யாரோ ஒரு பெண்ணின் புடவை உடம்பு, அதன் மேல் டீச்சரின் முகம். அவர் ஒரு நாளும் போடாத நெக்லஸ். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். கேட்டால், போட்டோ எல்லாம் சுடிதாரிலேயே இருந்தது, அஞ்சலிக்கு நன்றாக இருக்காது என்றார்கள். பண்பாடு மாறாத ஆசிரியை என்று மைக்கில் பேசினார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் உடம்புக்கு மாலை போட்டு இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். வெட்கமாக இல்லையா நமக்கு? பதினெட்டு வருடம் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டவரை, செத்த பிறகும் அவராக இருக்க விடவில்லை.

அவர் கொடுத்ததில் என்னிடம் இருப்பது அந்தத் துணிதான். நேற்று தைக்கக் கொடுத்துவிட்டேன். மகளுக்கா என்று டெய்லர் கேட்டார். எனக்கு என்றதும் அளவெடுத்தார். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. முட்டி வலி இருப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருவேன். பாவம், முட்டி வலி என்று எனக்காக யாரும் சொல்லிவிட வேண்டாம்.