மெத்தைப் பஞ்சு

சண்முகப்பிரியாவின் வீடு எப்படி இருக்கும் என்று அவள் ஆபீசில் யாருக்கும் தெரியாது. மீட்டிங்கில் அவள் தலைக்குப் பின்னால் ஒரு புத்தக அலமாரியும் பூந்தொட்டியும் தெரியும். இரண்டும் கம்ப்யூட்டர் போட்டுக்கொடுத்த படம். நிஜத்தில் பின்னால் இருப்பது காரை பெயர்ந்த ஒரு சுவர், அதில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். அங்கே ஆறு விசைத்தறிகளும் அவள் கணவன் மருதாசலமும் இருப்பார்கள்.

சோமனூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் இருக்கும் அந்த ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. தறிச்சத்தம் நின்றால்தான் ஆட்கள் வெளியே வந்து கரண்ட் போய்விட்டதா என்று பார்ப்பார்கள். ஆனால் கம்பெனி இருப்பது சரவணம்பட்டியில். அமெரிக்க ஆஸ்பத்திரி நோயாளிகளின் வியாதிகளுக்கு எண் போடுகிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் அமைதியான தனியறை வேண்டும், பக்கத்தில் வேறு தொழில் நடக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். இவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவள் ஆறு தறியையே மறைத்து வைத்திருந்தாள்.

எப்படி என்றால், அவளுக்குப் பேசும் முறை வரும்போது ஜன்னலைப் பார்த்துக் கையைக் கீழே இறக்குவாள். மருதாசலம் சுவிட்சை அணைப்பான். பேசி முடித்துக் கையை மேலே தூக்கினால் தறி ஓடும். தறிச்சத்தத்தில் பாதிக் காதைத் தொலைத்தவன் அவன். கூப்பிட்டால் கேட்காது, கை அசைந்தால் தெரியும். மற்ற நேரத்தில் அவளும் சும்மா உட்கார்ந்திருப்பவள் இல்லை. தறியில் ஓடுகிற நாடாவில் நூல் தீர்ந்தால் ஓடிப்போய், நூல் சுற்றிய குச்சியான தாரைப் புதிதாக மாற்றுவாள், அறுந்த இழையை முடிவாள், திரும்பி வந்து எங்கோ இருக்கும் ஒருவரின் சர்க்கரை வியாதிக்கு எண் போடுவாள். தறிக்கு ஆள் கிடைப்பதில்லை. இருக்கிறவர்களும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். இவள் தினமும் ஆபீஸ் போனால் பாதித் தறி நிற்கும். ஆபீசை விட்டால் வீட்டில் பாதி அடுப்பு அணையும். இரண்டும் ஓட வேண்டுமானால் அவள் அந்த ஜன்னலோரத்திலேயே இருந்தாக வேண்டும்.

பங்குனி வெயில் ஏறியதும் கம்பெனி கொடுத்த லேப்டாப் காய ஆரம்பித்தது. முதலில் விரல் சுட்டது. அப்புறம் திரை இழுத்து இழுத்து நகர்ந்தது. சண்முகப்பிரியா அதற்கடியில் இரண்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். மேசை விசிறியைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். ஐஸ்கட்டியைக் கவரில் போட்டு ஒத்தடம் கூடக் கொடுத்தாள். ஒருநாள் மீட்டிங் நடுவிலேயே அது கண்ணை மூடிக்கொண்டது. மறுவாரமும் மூடிக்கொண்டது.

டீம் லீடர் கிருபாசங்கர் தன்மையானவர்தான். தன்மையாகவே சொன்னார்.

"இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா நீங்க தெனமும் ஆபீஸ் வரோணுங்க. மேல கேக்கறாங்க. லேப்டாப்ப இங்க குடுத்தா கழட்டிப் பாத்து சரி பண்ணிருவாங்க."

கழட்டிப் பார்ப்பதுதான் அவளுக்குப் பயமே. உள்ளே என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? பஞ்சு. அவள் தலைமுடியில் இருக்கிற, கொடித்துணியில் இருக்கிற, ஊறவைத்த அரிசியில் மிதக்கிற அதே பஞ்சு. தறிக்காரர் வீட்டில் சோற்றில் பஞ்சு கிடந்தால் ஆச்சரியமில்லை, முடி கிடந்தால்தான் ஆச்சரியம்.

அவள் சொந்தத்தில் ஒரு சீர் விசேஷத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, மருதாசலம் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தான். வாராவாரம் தறி மோட்டாருக்கு அடிப்பதுபோல, கம்ப்ரசரை ஓட்டி, லேப்டாப்பின் ஓட்டைக்குள் முழுவேகத்தில் காற்றை அடித்தான். வெள்ளைவெள்ளையாகப் பஞ்சு பறந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம்.

அவள் வந்து ஆன் செய்ததும் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் தோசை ஊற்றலாம் போலக் காய்ந்தது. மோட்டார் தாங்குகிற காற்றை லேப்டாப்புக்குள் இருந்த சின்ன விசிறி தாங்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"கெடுத்துப்போட்டனா?" என்றான் மருதாசலம்.

"உடுங்க மாமா. நாளைக்கு ஆபீசுக்கே கொண்டு போறேன்."

அவனைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் காந்திபுரத்தில் பஸ் மாறும்வரை என்ன பொய் சொல்லலாம் என்றே யோசித்துக்கொண்டு போனாள். ஒன்றும் உருப்படியாக அமையவில்லை.

ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கும் ஆஃப்ரின் உக்கடத்துப் பெண், கலகலப்பானவள். அடி மூடியைக் கழற்றிவிட்டு, திரி கனத்துக்கு அடைந்திருந்த பஞ்சை இடுக்கியால் இழுத்தெடுத்துச் சிரித்தாள்.

"என்னக்கா இது, மெத்தையில வெச்சுப் படுத்துட்டே வேலை செய்யறீங்களா? அப்படிச் செய்யறவங்களுக்குத்தான் இப்படிப் பஞ்சு ஏறும்."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது மாதிரி இருந்தது சண்முகப்பிரியாவுக்கு.

"ஆமாங்க," என்றாள்.

புது விசிறி போட்டு மதியத்துக்குள்ளேயே கொடுத்துவிட்டார்கள். மிச்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தாள். வேலை தப்பியது. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. 'படுத்துட்டே' என்ற சொல்லிலேயே மனம் நின்றது. பகலில் கடைசியாக எப்போது படுத்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். காய்ச்சல் வந்த நாளில்கூட ஒரு கையால் தார் மாற்றியதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பொய் சொன்னதுகூட உறுத்தவில்லை. அந்தப் பொய் தன் உடம்பை இப்படிச் சோம்பேறியாக்கிவிட்டதே என்றுதான் உறுத்தியது.

நடந்ததைக் கேட்டு மருதாசலம் முதலில் சிரித்தான்.

"நம்மூட்டுல ஏது மெத்தை?" என்று சொல்லிவிட்டுத் தறிக்குடோனுக்குள் போனான். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் மீட்டிங். கையை இறக்கினாள், தறிகள் நின்றன. ஆஃப்ரின் சொல்லித் தெரிந்துகொண்ட கிருபாசங்கர் அவளை வைத்தே ஆரம்பித்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க, லேப்டாப்ப மெத்தையில வெக்காதீங்க. சண்முகப்பிரியா, இன்னைக்காச்சும் எந்திரிச்சு உக்காந்திருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலுக்கு அப்பால் மருதாசலம் சுவிட்சில் கையை வைத்தபடி நின்றான். அவனுக்கு அந்தச் சிரிப்புக் கேட்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, மோவாயைத் தூக்கி என்ன என்று கேட்டான்.

அவளுக்குக் கோபம் வந்தது. கிருபாசங்கர் மேல் இல்லை. அவர் இவள் சொன்ன பொய்யை வைத்துத்தான் சிரிக்கிறார். அவள் கையை மேலே தூக்கினாள். இன்னும் பேசவே இல்லையே என்று மருதாசலம் தயங்கினான். மறுபடியும் தூக்கினாள். ஆறு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின. அவள் மைக்கைத் திறந்துவிட்டு, புத்தக அலமாரிப் படத்தையும் எடுத்துவிட்டாள்.

"ஏனுங்க, அதென்ன சத்தம்?" என்றார் கிருபாசங்கர்.

"தறிங்க. எங்களுதுதான்." குடோனுக்குள் பேசுகிற குரலில், சத்தத்துக்கு மேலே பேசினாள். "லேப்டாப்புல இருந்ததும் இந்தப் பஞ்சுதானுங்க. எங்கூட்டுல மெத்தையே இல்லீங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"இத நான் மேல சொல்லோணுங்க," என்றார் கிருபாசங்கர்.

"சொல்லுங்க."

"எப்படிப் போய் முடியுமோ தெரியலீங்க."

"புரியுதுங்க. நேத்து முடிச்சதச் சொல்லட்டுங்களா?"

சொல்லச் சொன்னார். தறி ஓட ஓடவே முதல்நாள் வேலையை அவள் ஒப்பித்தாள். பாதியில் ஜன்னலுக்கு அப்பால் மருதாசலத்தின் கை உயர்ந்தது. கோடியில் இருந்த தறியில் நூல் தீர்ந்திருந்தது.

"ஒரு நிமிசம் இருங்க, தார் மாத்திப்போட்டு வாரேன்," என்று ஆபீசுக்குச் சொல்லிவிட்டு, கேமராவை அணைக்காமலேயே எழுந்து போனாள்.