மீன் இல்லாத கடவம்

எங்கள் அடுக்களையில் தொங்கும் ஓலைக்கடவத்தில் இப்போது சின்ன வெங்காயம், எங்கள் பேச்சில் உள்ளி, கிடக்கிறது. மீன்காரிகள் தலையில் சுமக்கும் கடவம்தான். ஆனால் அதில் மீன் இருந்தது ஒரே ஒரு நாள்.

திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் நான் கடியப்பட்டணத்துக்கு மருமகளாக வந்தேன். எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது; மூன்று மாதம், நான்கு மாதம் தள்ளும். தள்ளியதும் மாமி பேரப்பிள்ளை வந்துவிட்டதென்று முந்திரிக்கொத்து சுட உட்கார்ந்துவிடுவார். நான் அத்தனையையும் தின்று தீர்த்த பிறகு விலக்கு வரும். இருவரும் கட்டிக்கொண்டு அழுவோம். நாலு வருஷத்தில் வயிறு பெருத்ததே தவிர, உள்ளே பிள்ளை இல்லை. எனக்கோ பிள்ளை இல்லாமலே போய்விடுமோ என்று பயம்; மாமி என்னை வைத்தியரிடம் கூட்டிப்போனார்.

வைத்தியர் மாமியைத்தான் முதலில் ஏசினார். “அவ தின்னது பாதி, நீ ஊட்டுனது பாதி. இனிப்ப நிறுத்து. சோறும் மரச்சீனிக் கிழங்கும் பாதி போதும். தெனமும் முட்டம் வரைக்கும் நடந்து வரட்டும். மாசம் ஒழுங்கானா பிள்ளையும் வரும். ஆறேழு மாசம் பொறுக்கணும்.”

எங்கள் ஊரில் காரியமில்லாமல் எந்தப் பெண்ணும் நடக்கமாட்டாள். “வெறுங்கைய வீசிட்டுப் போனா, சண்டை போட்டு அம்மை வீட்டுக்குப் போறாண்ணு சொல்லுவாவ மக்கா” என்று மாமி காலிக் கடவத்தைத் துணியால் மூடி என் தலையில் வைத்தார். பக்கத்து ஊரான முட்டத்திலும் எங்கள் ஊரைப் போலவே மீன்பிடிதான் தொழில் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

முட்டத்து ஊர் முகப்பில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி மறித்தாள். “ஏட்டி, முட்டத்துக்கா மீன் விக்க வாற? எறக்கு, பாப்போம்.” துணியை விலக்கியவள் சிரித்துச் சிரித்து நெத்திலி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இனிப் போகமாட்டேன் என்று அழுதேன். “அவ சிரிச்சா உனக்குப் பிள்ளை நிக்காதா?” என்ற மாமி, மறுநாள் முதல் மூட்டுவலியோடு கூடவே நடந்தார். கருப்பட்டியையும் விட்டார், வைத்தியரைத் திட்டுவதை மட்டும் விடவில்லை. சில மாதங்களில் விலக்கு ஒழுங்கானது. மருமகளுக்கு விலக்கு வந்ததென்று முகம் மலர்ந்த மாமியார் உலகத்தில் அவர் ஒருத்தியாகத்தான் இருப்பார்.

பிறகு ஒரு மாதம் வரவில்லை. மாமி நம்பவில்லை. “பழைய கதைதான், நட” என்றார். நான் வழியிலேயே வாந்தி எடுத்தபோதுதான் நம்பினார். அன்றைக்கு முந்திரிக்கொத்து சுடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த மறுநாள், மாமி கடவம் நிறையச் சாளை மீன் வாங்கித் தனியாக முட்டத்துக்குப் போனார். அந்த நெத்திலிக்காரி முன்னால் அதை இறக்கிவைத்து என்ன சொன்னாரென்று சாகும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது உள்ளி எடுக்க வரும் என் மகள், “அம்மா, இன்னைக்கு நடந்தியளா?” என்று கேட்கிறாள். கடவத்தைப் பார்த்தாலே எனக்கு மாமியின் குரல்தான் கேட்கிறது:

“அண்ணைக்குக் கேட்டியே, இன்னா மீனு. எங்க வீட்டுல பிள்ளை பெறந்திருக்கு.”