மழையால் வந்த இழுப்பு

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஆஸ்துமா. எனக்குச் சிறு வயதிலேயே வந்து, மீசை அரும்பியதும் பாதி விலகிவிட்டது. என் மனைவிக்கோ இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மிச்சமிருந்த பாதியை வைத்தே நான் சாய்வு நாற்காலி, மிளகுப் பால், பக்கத்து வீட்டாரின் அனுதாபம் எல்லாம் சம்பாதித்துவிட்டேன். அவள் முழு இழுப்போடு அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், அவளால் படுக்கவே முடியாமல் போனபோது, சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் எனக்கு மருந்து தரும் சீனப் பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்ததும் என் குமாஸ்தா ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லிவைத்தேன். அவரும் ஆங்கிலத்திலேயே கேட்டார். மொழிபெயர்ப்பு என் பொறுப்பாயிற்று.

"எப்போது அதிகமாகிறது?"

மனைவி என் காதருகே சொன்னாள்: "வீட்டுக்குத் தூரமாகறதுக்கு ரெண்டு நாள் முன்னால. மாசாமாசம் அப்படித்தான். சொல்லுங்க."

அறையில் இருந்த இரண்டு பெண்களுக்கும் கூச்சமில்லை. எனக்கு இருந்தது. அலுவலகத்தில் பக்கம் பக்கமாக ஓடும் என் ஆங்கிலம் மாதவிலக்கு என்றதும் நின்றுவிட்டது.

"மழை பெய்யும்போது" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். மழையில் வெளியே போகாதே, ஜன்னலைச் சாத்திவை என்று சொல்லி ஓர் இருமல் மருந்தும் தந்தார். சிங்கப்பூரில் மழை இல்லாத வாரம் ஏது? ஒரு மாதம் அவள் புழுக்கத்தில் கிடந்தாள். இழுப்பு தன் நாளை மறக்காமல் வந்தது. இந்த முறை உதடே நீலமாகிவிட்டது.

பயந்துபோய் மறுபடி ஓடினோம். "மழையில் நனைந்தாரா?" என்றார் டாக்டர். 'ரெயின்' என்ற ஆங்கிலச் சொல் அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

"மழையா? யாருங்க மழைன்னு சொன்னா?"

நான் கூரையைப் பார்த்தேன். அவள் டாக்டர் பக்கம் திரும்பி, தேக்கா சந்தையில் மீன் பேரம் பேசும் மலாயில் நேராகவே பேசினாள். ஆங்கில கர்வத்தில் நான் கற்காமல் விட்ட மலாய். டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, எனக்குத் தருகிற அதே மாத்திரையை அவளுக்கும் எழுதி, அந்த நாட்களுக்கு முன்பே ஆரம்பிக்கச் சொன்னார்.

அந்த மாதம் அவள் படுத்துத் தூங்கினாள்.

மாத்திரை தீர்ந்து மூன்றாம் முறை போனபோது, டாக்டர் என்னைக் காட்டி மலாயில் ஏதோ கேட்டார். மனைவி நீளமாகப் பதில் சொன்னாள். டாக்டர் சிரித்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "என்ன கேட்டாங்க?"

"உங்களுக்கு எப்ப இழுப்பு வரும்னு."

"நீ என்ன சொன்னே?"

"ஞாயித்துக்கிழமை பாத்ரூம் கழுவச் சொன்னா வரும்னு."

"அடிப்பாவி! அதையா சொன்னே?"

"உள்ளதைத்தானே சொல்லணும்? டாக்டர்கிட்ட என்னங்க வெட்கம்?"